மாவு ஷெட்டுக்கு எந்த ஊர்?

கேள்வி: இட்லி மாவு அரைத்துத் தேனி ரோட்டுக் கடைகளுக்குப் போடுகிறோம். தினமும் மதுரை காளவாசலுக்கு 110 கிலோ, நாகமலை புதுக்கோட்டைக்கு 70, செக்கானூரணிக்கு 60, உசிலம்பட்டிக்கு 160. காளவாசலிலிருந்து தோராயமாக 7, 14, 35 கிலோமீட்டரில் மற்ற ஊர்கள். லோடு ஆட்டோ வாடகை கிலோவும் தூரமும் பார்த்துத்தான். புது ஷெட்டுக்கு இடம் தேடுகிறோம். சராசரி போட்டுப் பார்த்த அண்ணன், செக்கானூரணி தாண்டி 3 கிலோமீட்டரில் பிடி என்கிறார். சரியா?
- வாசகி, உசிலம்பட்டி

பதில்: அண்ணன் கணக்கில் பிழை இல்லை, சராசரி 17 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் வாடகை குறைய வேண்டுமானால் பார்க்க வேண்டியது சராசரியை அல்ல, சரிபாதியை. மொத்தம் 400 கிலோ. காளவாசலிலிருந்து கூட்டிக்கொண்டே வாருங்கள்: 110, 180, 240. பாதியான 200 எந்த ஊரில் தாண்டுகிறதோ அதுவே இடம். செக்கானூரணி.

அங்கிருந்து உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிலோமீட்டர் தள்ளினால் 160 கிலோவுக்கு மிச்சம், 240 கிலோவுக்குக் கூடுதல். மதுரைப் பக்கம் தள்ளினால் 180க்கு மிச்சம், 220க்குக் கூடுதல். எப்படி நகர்ந்தாலும் கைக்காசு போகிறது. உசிலம்பட்டி 70 கிலோமீட்டரில் இருந்தாலும் இதே விடைதான். தூரத்து ஊர் சராசரியை இழுத்துவிடும். பாதியை இழுக்க முடியாது. சாலைகள் பல கிளையாகப் பிரிந்தாலும், ஏதாவது ஓர் ஊரிலோ சந்திப்பிலோ சிறந்த இடம் அமைந்துவிடும் என்று 1964ல் ஹக்கீமி என்ற அறிஞர் நிரூபித்தார்.

நீங்கள் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அரிசி, உளுந்து எங்கிருந்து வருகிறது? மதுரை கீழமாசி வீதியில் வாங்கி நீங்களே ஏற்றி வந்தால் அதுவும் காளவாசல் வழியாக வரும் சுமைதான். மாவில் பாதிக்கு மேல் தண்ணீர், அது ஷெட்டிலேயே சேர்வது. அதனால் தானியம் 160 கிலோ என்று வைப்போம். காளவாசல் கணக்கு இப்போது 270. மொத்தம் 560, பாதி 280. கூட்டினால் 270, 340. விடை நாகமலை புதுக்கோட்டைக்கு மாறிவிட்டது! கொண்டுவரும் சரக்கையும் இப்படிச் சேர்த்தே நிறுத்துப் பார்க்கச் சொன்னவர் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெபர், 1909லேயே. அரிசிக் கடைக்காரரே இலவசமாக இறக்கித் தருவாரானால் செக்கானூரணியே இருக்கட்டும்.

அட்வான்ஸ் கொடுக்குமுன் அந்த இடத்து போர் தண்ணீரை ஒரு குடம் பிடித்து வந்து, நாலு கிலோ அரைத்து, புளிக்க வைத்து, இட்லி ஊற்றிச் சாப்பிட்டுப் பாருங்கள். என் சித்தி மாவு மில் போட்டபோது வாடகையும் தூரமும் பார்த்தோம், தண்ணீரைப் பார்க்கவில்லை. உப்புக் கரித்தது. ஆறு மாதம் கேன் தண்ணீர் வாங்கித்தான் அரைத்தார்.