உப்பு ஏரித் தீவில் பைசன் பார்க்க எப்போது போகலாம்?

ஒரு வாசகி மே மாதக் கடைசியில் மகன் வீட்டுக்கு, அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டிக்குப் போகிறாராம். ஒரு நாள் அங்குள்ள கிரேட் சால்ட் லேக் என்ற உப்பு ஏரியில் இருக்கும் ஆண்டிலோப் தீவைச் சுற்ற ஆசை, ஆனால் கூட வரும் அப்பாவுக்கு 70 வயது, அதிகம் நடக்க முடியாது. பைசன் கண்ணில் படுமா, ஏரியில் குளிக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

பைசன் விஷயத்தில் கவலையே வேண்டாம். 1893ல் படகில் கொண்டுபோய் விட்ட 12 பைசன்தான் பெருகி இன்று பல நூறாக நிற்கிறது, அதனால் வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் அபூர்வம். நம் ஊர்க் காட்டெருமைக்குத் தூரத்து உறவு, ஆனால் திமிலும் தாடியும் பார்த்தால் வேறு ஆள் என்று தெரிந்துவிடும். எனக்கு உறுத்துவது உங்கள் மே மாதம்தான். ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரை அங்கே கண்ணுக்கே தெரியாத ஒரு கடிக்கும் பூச்சி கிளம்பும், முடிக்குள்ளும் காதோரமும் புகுந்து கடிக்கும், கொசு மருந்தெல்லாம் அதற்குப் பெரிதாக உறைக்காது. பயணத்தைத் தள்ளிப்போட முடிந்தால் செப்டம்பர், அக்டோபர்தான் என் முதல் யோசனை. முடியாதா? சரி, ஆளுக்கொரு, தலையையும் முகத்தையும் மூடும் வலை வாங்கிக்கொண்டு காரிலேயே சுற்றுங்கள். அப்பாவுக்கும் அதுதான் சௌகரியம். மே மாதத்துக்கு ஒரு லாபமும் உண்டு, செம்பழுப்பு நிறத்தில் பைசன் கன்றுகள் அம்மா பின்னாலேயே ஓடும்.

சிரக்யூஸ் என்ற ஊரிலிருந்து ஏரியின் குறுக்கே சுமார் 11 கி.மீ. சாலை போட்டிருக்கிறார்கள். தீவில் பெட்ரோல் கிடைக்காது, சிரக்யூஸிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பலரும் நேராகக் கடற்கரை மாதிரி இருக்கும் பிரிட்ஜர் பே பக்கம் திரும்பிவிடுவார்கள். நீங்கள் அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, வாயில் திறந்ததும் கிழக்குக் கரைச் சாலையில் ஃபீல்டிங் கார் ராஞ்ச் (Garr Ranch) என்ற பழைய பண்ணை வரை மெதுவாக ஓட்டுங்கள். வெயில் ஏறுவதற்குள் பைசன் சாலையோரமே மேயும், புல்வெளியில் வெள்ளைப் பிட்டம் பளிச்சென்று தெரிந்தால் அது பிராங்ஹார்ன் என்ற மான் மாதிரி விலங்கு. 1845ல் வந்த ஃப்ரீமான்ட் என்பவரின் ஆய்வுக் குழு அதை வேட்டையாடித்தான் தீவுக்கு ஆண்டிலோப் என்று பேர் வைத்தது, இத்தனைக்கும் அது நம் வெளிமான் மாதிரி உண்மையான ஆண்டிலோப் இனமே இல்லை! 1848ல் கட்டிய அந்தப் பண்ணை வீட்டைச் சுற்றி மரங்கள் உண்டு, அங்கே கிளைகளையும் பாருங்கள், ஆந்தையோ முள்ளம்பன்றியோ உட்கார்ந்திருக்கலாம். பிக்ஹார்ன் ஆடுகள் பாறை மேட்டில் இருக்கும், பைனாகுலர் இல்லாமல் கஷ்டம்.

பைசன் சாலையில் நின்றால் ஹாரன் அடிக்காதீர்கள், காத்திருங்கள். கீழே இறங்கினால் ஒரு கணக்கு: கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள், விரல் விலங்கை முழுசாக மறைத்தால் தூரம் போதும். மந்தமாகத்தான் தெரியும், ஆனால் மணிக்கு 50 கி.மீ.க்கு மேல் ஓடும். வாலைத் தூக்கினால் கோபம் என்று அர்த்தம், செல்ஃபியை மறந்துவிட்டுக் காருக்குள் போய்விடுங்கள்.

குளியலுக்கு வருவோம். குளிக்கலாம், ஆனால் மிதக்கத்தான் முடியும். பேர் (Bear), வேபர், ஜோர்டான் என்ற மூன்று ஆறுகள் ஏரிக்குள்ளே வருகின்றன, வெளியே போக வழியில்லை, ஆவியாகிப் போனது போக உப்பு தங்கிவிடுகிறது, கடலைவிடப் பல மடங்கு கரிக்கும். சின்னக் கீறல் இருந்தாலும் எரியும், கண்ணைத் தேய்த்துவிடாதீர்கள். ஏரி வற்றியதால் காரை விட்டுத் தண்ணீருக்குக் கொஞ்ச தூரம் நடக்கணும், அப்பா மேலேயே இருக்கட்டும். அவருக்கு ஒரு பிடி மணல் கொண்டுபோய்க் காட்டுங்கள்: உள்ளங்கையில் உருட்டினால் கடுகைவிடப் பொடியான உருண்டைகள், சுண்ணாம்பு அடுக்கடுக்காகப் படிந்து உருண்டவை. பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிடுங்கள்.

கரையோரம் கறுப்புக் கம்பளம் மாதிரி ஈக்கள் மொய்க்கும், கடிக்காது. அதையும் உப்பு இறாலையும் நம்பித்தான் லட்சக்கணக்கான பறவைகள் வருகின்றன, ஏரியின் உப்புத் தண்ணீரில் மீனே கிடையாது. கரையேறியதும் அங்குள்ள ஷவரில் காலைக் கழுவுங்கள், காய்ந்தால் தோல் வெள்ளையாகப் பூத்து இழுக்கும்.