உட்டனின் பிரஸ் எங்கே உடைகிறது? – கடிதம்

வணக்கம்.

கல்லூரி கூடைப்பந்து அணிக்குப் பயிற்சி அளிக்கிறேன். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் உட்டன் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அவருடைய 2-2-1 பிரஸ்ஸை (எதிரணி பந்தை உள்ளே போட்டதுமே, முன்னால் இருவர், நடுவில் இருவர், பின்னால் ஒருவர் என நின்று கோர்ட் முழுக்க மறிப்பது) போட்டுப் பார்த்தோம். பந்தைப் பிடுங்கப் போய் அரைநேரத்துக்குள் இரண்டு பையன்களுக்கு மும்மூன்று ஃபவுல். எதிரணியோ இரண்டே பாஸில் கூடைக்கு வந்துவிடுகிறது. எங்கள் பையன்களுக்கு உயரம் இல்லை, வேகம் உண்டு. எங்கே தவறுகிறோம்? அவர் சாக்ஸ் போடக் கற்றுக்கொடுத்தார் என்பது உண்மைதானா?

உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

‘பிடுங்கப் போய்’ என்கிறீர்களே, கோளாறு அங்கேதான். அந்த பிரஸ்ஸின் வேலை பிடுங்குவது அல்ல, அவசரப்படுத்துவது. அன்று அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் ஷாட் கிளாக், அதாவது இத்தனை விநாடிக்குள் கூடைக்கு எறிந்தாக வேண்டும் என்ற கெடு, கிடையாது. 1985-86 பருவத்தில்தான் வந்தது. உயரமான அணி பந்தை வைத்துக்கொண்டு ஆட்டத்தை ஆறப்போடலாம். அதற்கு இடம் கொடுக்காமல் ஓடவைப்பதற்கான வழி இது.

உட்டன் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகமான யூசிஎல்ஏவுக்கு வந்தது 1948இல். முதல் 15 பருவங்களில் தேசியப் பட்டம் ஒன்றுகூட இல்லை. பிரஸ்ஸை முழுநேரமும் போடலாம் என்று வற்புறுத்தியவர் துணைப் பயிற்சியாளர் ஜெர்ரி நார்மன். 1964 அணியில் தொடக்க ஐவரில் ஒருவர்கூட 6 அடி 5 அங்குலத்தைத் தாண்டவில்லை. 30 ஆட்டங்கள், 30 வெற்றி. இறுதி ஆட்டத்தில் எதிரே நின்ற டியூக் பல்கலைக்கழக அணியில் 6 அடி 10 அங்குல ஆட்கள் இருவர்; முதல் பாதியில் உட்டனின் பையன்கள் தொடர்ச்சியாக 16 புள்ளிகள் எடுத்து, 98-83 என்று முடித்தார்கள். அங்கிருந்து 1975க்குள் பத்துப் பட்டங்கள். துணைப் பயிற்சியாளர் சொன்னதைக் கேட்டு, ஐம்பது வயதுக்குமேல் தன் ஆட்டத்தை மாற்றிக்கொண்டதைத்தான் அந்த வாழ்க்கையின் பெரிய விஷயமாக நான் நினைக்கிறேன்.

இனி உங்கள் கோர்ட்டுக்கு வருவோம். நீங்கள் கூடை போட்ட பிறகு மட்டும் பிரஸ் போடுங்கள். தவறிய ஷாட்டுக்குப் பிறகு ஆட்கள் இடத்துக்கு வர நேரம் இருக்காது. முன்னிருவர் எதிரணி பந்தை உள்ளே போடும் பக்கத்து ஃப்ரீ த்ரோ கோட்டருகே, நடுவிருவர் மையக்கோட்டுக்குச் சற்று முன்னால், கடைசி ஆள் பின்னால். முதல் பாஸைத் தடுக்காதீர்கள், மூலையில் வாங்க விடுங்கள். பந்துக்கு எதிரே நிற்கும் முன்னவரின் வேலை ஒன்றுதான்: கையை நீட்டாமல், காலை நகர்த்தி, பந்தை சைட்லைன் பக்கமே போகவைப்பது. மறுபக்க முன்னவர் நடுவை அடைக்க வேண்டும். பந்து மையக்கோட்டை நெருங்கும்போது அந்தப் பக்கத்து நடு ஆள் ஏறிவந்து இருவராக மறிப்பார்கள். மற்ற நடு ஆள் மையத்துக்கு நகர, கடைசி ஆள் நீண்ட பாஸுக்குக் காத்திருப்பார்.

இரண்டு பாஸில் உடைகிறது என்றால், அநேகமாக மறுபக்க முன்னவர் பந்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறார். நடுவில் ஒருவன் வாங்கிவிட்டால் பிரஸ் அத்தோடு தீர்ந்தது. அப்புறம் துரத்தாமல், நால்வரும் நேராக பெயின்ட்டுக்குள், அதாவது நம் கூடைக்கு முன்னே உள்ள கட்டத்துக்குள், ஓடிவர வேண்டும். பிடுங்காவிட்டாலும் நஷ்டமில்லை. இன்றைய விதிப்படி 8 விநாடிக்குள் பந்து மையத்தைக் கடக்க வேண்டும். 7 விநாடி தின்றுவிட்டால் ஷாட் கிளாக்கின் 24 விநாடியில் எதிரணிக்கு மிஞ்சுவது 17தான்.

சாக்ஸ் விஷயம் உண்மை. பருவத்தின் முதல் நாளே அதைச் செய்தார். குதிகாலிலும் சுண்டுவிரல் பக்கமும் சுருக்கம் இருந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தவன் பயிற்சிக்கு வரமாட்டான். பையன்கள் பெரிய அளவு ஷூ கேட்பதால், அளந்து பார்த்தே கொடுக்கச் சொன்னார்.

இன்னொன்றும் எடுத்துக்கொள்ளலாம். 1974-75இல் அவருடைய பயிற்சிகளை இரு உளவியலாளர்கள் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். பாராட்டும் திட்டும் கொஞ்சம்தான். பெரும்பகுதி, என்ன செய்ய வேண்டும் என்ற சின்னச் சின்ன அறிவுறுத்தல்கள். தவறினால் சரியானதைச் செய்துகாட்டுவார், பையன் செய்ததைச் செய்துகாட்டுவார், மறுபடி சரியானதை. சில விநாடிகளில் முடிந்துவிடும்.

முதல் வாரம் ஐந்து பேரை நிறுத்தாதீர்கள். கோர்ட்டின் ஒரு ஓரத்தில் ஒருவனுக்கு ஒருவன். தடுப்பவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, காலால் மட்டும் பந்தை சைட்லைனுக்குத் தள்ளட்டும். அது பழகிய பிறகு இரண்டாமவனைச் சேருங்கள்.