மாரடைப்பு: ஊசியா, பலூனா? வாசகர் கேள்விகளுக்கு இதயநோய் மருத்துவரின் பதில்கள்

என் கணவருக்கு 52 வயது. போன வாரம் ராத்திரி நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கிறது என்றார். கேஸ்தான் என்று ஓம வாட்டர் குடித்துவிட்டுப் படுத்தார். காலையில் சரியாகிவிட்டது. இப்படி வந்தால் எவ்வளவு நேரம் பொறுத்துப் பார்க்கலாம்? – வாசகி, தேனி

பொறுத்தே பார்க்கக் கூடாது. முதலில் அவரை இன்றைக்கே அழைத்துப் போய் ஈசிஜி எடுங்கள், வலி போய்விட்டாலும் சரி. கேஸா இதயமா என்று ஈசிஜி இல்லாமல் பிரித்துச் சொல்ல டாக்டர்களாலேயே முடியாது. முதல் ஈசிஜி நார்மலாக வந்து, கொஞ்ச நேரம் கழித்து எடுத்ததில் மாரடைப்பு தெரிவதும் உண்டு. அதனால் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள்.

நெஞ்சின் நடுவில் அழுத்தம், இடது கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை என்றால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அவரே பைக் ஓட்டிக்கொண்டு போக வேண்டாம். சர்க்கரை நோயாளிகள், பெண்கள், முதியவர்கள் சிலருக்கு வலியே இருக்காது. மூச்சுத்திணறலும் அசதியும் மட்டும் வரும்.

அப்பாவுக்கு மாரடைப்பு. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், வலி முழுக்க நின்றுவிட்டது. ஆனாலும் மறுநாளே ஆஞ்சியோ செய்யணும் என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இது தேவைதானா? – வாசகர், அறந்தாங்கி

தேவைதான். ஆஞ்சியோ என்பது இதய ரத்தக்குழாய்க்குள் சாயம் செலுத்தி, அடைப்பு எங்கே என்று எக்ஸ்ரேயில் பார்ப்பது. ரத்தக்குழாயில் படிந்த கொழுப்புப் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து குழாயை முழுசாக அடைப்பதுதான் பெரும்பாலான மாரடைப்புகளில் நடக்கிறது. ஊசி அந்த உறைகட்டியைத்தான் கரைக்கும். அடியில் இருக்கிற படிவு அப்படியே இருப்பதால் அதே இடம் மறுபடி அடைத்துக்கொள்ளலாம். தவிர, டெனக்டெபிளேஸ் போன்ற நல்ல மருந்திலும் பத்தில் ஐந்தாறு பேருக்குத்தான் ரத்த ஓட்டம் முழுமையாகத் திரும்புகிறது. மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி, அதன் நுனியில் இருக்கிற பலூனை ஊதித் திறந்தால் பத்தில் ஒன்பது பேருக்குத் திரும்பும்.

அப்படியென்றால் நேராகப் பலூனுக்கே போயிருக்கலாமே என்று தோன்றும். இரண்டு மணி நேரத்துக்குள் கேத் லேபில் (ஆஞ்சியோவும் பலூன் சிகிச்சையும் செய்கிற அறை) குழாயைத் திறந்துவிட முடியும் என்றால் அதுதான் முதல் தேர்வு. முடியாது என்றால், அருகில் இருக்கிற இடத்தில் உடனே ஊசி போட்டுவிட்டு அனுப்புவதே சரி. பயணத்தில் கரைகிற ஒவ்வொரு நிமிஷமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். ஊசிக்குப் பிறகு ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் ஈசிஜியில் உயர்ந்திருந்த கோடு போதுமான அளவு இறங்கவில்லை என்றால் அவசரமாகப் பலூன். இறங்கிவிட்டால் அடுத்த 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ.

சின்ன ஆஸ்பத்திரியில் ஊசி, அப்புறம் பெரிய ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோ என்கிற இந்த ஏற்பாட்டைத் தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். டாக்டர்கள் தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முல்லசாரி குழுவினர் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்திருந்தார்கள். உங்கள் ஊர் டாக்டர் செய்தது மிகச் சரியான வேலை.

மூளையில் முன்பு ரத்தக்கசிவு வந்தவர்களுக்கு இந்த ஊசி கூடாது. அண்மையில் பெரிய ஆபரேஷன் நடந்திருந்தாலும் பொதுவாகப் போட மாட்டார்கள். இதையெல்லாம் கேட்காமலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அம்மாவை அட்மிட் பண்ணியதும் "உடனே ஸ்டென்ட் வைக்கணும், கையெழுத்துப் போடுங்க" என்றார்கள். இன்னொரு டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்றார் சித்தப்பா. அவசரப்படுத்துவது பிசினஸுக்காகவா? – வாசகர், சென்னை

உங்கள் சந்தேகம் எனக்குப் புரிகிறது. ஸ்டென்ட் என்பது திறந்த குழாய் மறுபடி மூடாமல் தாங்கிப் பிடிக்கிற சின்னக் கம்பிவலை. அது தேவையில்லாமல் வைக்கப்படுவதும் உண்மை. நடந்தால் மட்டும் வருகிற, நின்றால் போய்விடுகிற நெஞ்சுவலி மாறாமல் ஒரே அளவில் இருந்தால் நிதானமாக இன்னொரு கருத்துக் கேளுங்கள். அப்படிப்பட்ட பெரும்பாலானோருக்கு மாத்திரையோடு ஸ்டென்ட்டும் வைப்பதால் ஆயுள் கூடுவதில்லை என்று பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஆனால் ஈசிஜி கோட்டில் எஸ்டி என்கிற பகுதி உயர்ந்து (பெரும்பாலும் குழாய் முழுசாக அடைத்திருப்பதன் அடையாளம்), வலியும் தொடர்கிற மாரடைப்பு வேறு விஷயம். அங்கே உயிரைக் காப்பதே திறக்கும் வேகம்தான். பலூன் வசதியுள்ள ஆஸ்பத்திரி வாசலில் நுழைந்ததிலிருந்து 90 நிமிஷத்துக்குள் குழாய் திறக்க வேண்டும். கையெழுத்துக்காகக் குடும்பம் கூடிப் பேசுகிற அரை மணி நேரமும் அதில்தான் கழிகிறது. "எஸ்டி உயர்ந்திருக்கிறதா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஆமாம் என்றால் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். பணக் கவலைக்கு முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டென்ட் விலைக்கும் 2017 முதல் மத்திய அரசின் உச்சவரம்பு இருக்கிறது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரே நேரத்தில் 14 மாத்திரை கொடுத்தார்களாமே! ஓவர்டோஸ் ஆகாதா? – வாசகி, அரூர்

ஆகாது. தமிழக அரசு 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருபவர்களுக்குக் கொடுப்பது அது. ரத்தம் உறையாமல் தடுக்கிற ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, கொழுப்பைக் குறைக்கிற அடோர்வாஸ்டாடின் 8. முதல் வேளையில் அவ்வளவு தேவைதான். விழுங்கிவிட்டு வீட்டுக்குத் திரும்பக் கூடாது. அங்கிருந்து நேராகப் பெரிய ஆஸ்பத்திரி. நாக்குக்கடியில் வைக்கிற சார்பிட்ரேட்டை மட்டும் டாக்டர் சொல்லாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். ரத்த அழுத்தம் குறைவாக இருந்தால் ஆபத்து.

எனக்கு மூன்று அடைப்பு. அவசரத்தில் ஒன்றை மட்டும் திறந்துவிட்டு அனுப்பினார்கள். மற்ற இரண்டு? – வாசகர், கும்பகோணம்

மாரடைப்பை உண்டாக்கிய குழாயை முதலில் திறப்பதே வழக்கம். மற்றவை பெரிய அடைப்புகள் என்றால் சில வாரங்களுக்குள் அவற்றையும் சரிசெய்வது நல்லது. அடுத்த செக்கப்பில் தேதி கேட்டு வாங்குங்கள்.

ஸ்டென்ட் வைத்து நான்கு மாதம் ஆகிறது. பல் பிடுங்க, ரத்தத்தை இளக்கும் மாத்திரைகளை ஒரு வாரம் நிறுத்தச் சொல்கிறார் பல் டாக்டர். – வாசகர், திருப்பூர்

நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்தால் அது இன்னொரு மாரடைப்பு. வழக்கமாக ஒரு வருடம், ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெல் போன்ற இன்னொன்றுமாக இரண்டு மாத்திரையும் வேண்டும். மாத்திரையோடே பல் பிடுங்கலாம். பஞ்சை வைத்து அழுத்தினால் ரத்தம் நிற்கும். உங்கள் இதய டாக்டரின் போன் நம்பரைப் பல் டாக்டரிடம் கொடுத்து, இரண்டு பேரையும் பேசிக்கொள்ளச் சொல்லுங்கள்.