பிரேக் பிடித்தால் வண்டி நிற்க வேண்டும், சாயக் கூடாது

வாசகர் கேள்வி – அண்ணாச்சி பதில்

அண்ணாச்சி, பையனுக்குத் திருநெல்வேலியில் வேலை கிடைத்திருக்கிறது. தினமும் போய்வர 125 சிசி பைக் எடுக்கப் போகிறோம். ஒரே மாடலில் சிபிஎஸ் வைத்தது ஒரு விலை, ஏபிஎஸ் வைத்தது சில ஆயிரம் கூட. கடையில் கேட்டால் "ரெண்டும் ஒண்ணுதான், சின்ன வண்டிக்கு எதுக்கு ஏபிஎஸ்" என்கிறார்கள். எதை எடுக்க?
– வாசகர், வீரவநல்லூர்

ஏபிஎஸ்ஸை எடுங்கள். இரண்டும் ஒன்று இல்லவே இல்லை.

சிபிஎஸ் என்பது, காலால் பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் கூடவே கொஞ்சம் பிடிக்கிற ஏற்பாடு. நம் பக்கம் முன் பிரேக்கைத் தொடவே பயப்படுகிறவர்கள் நிறைய, "குப்புறத் தள்ளிரும்ல" என்று சொல்லியே வண்டி பழக்கியிருக்கிறார்கள். ஆனால் பிரேக் பிடிக்கும்போது எடையெல்லாம் முன்னால் போய் உட்கார்ந்து பின் சக்கரம் லேசாகிவிடுகிறது, அதனால் வண்டியை உண்மையில் நிறுத்துவது முன் பிரேக்தான். அந்த வகையில் சிபிஎஸ் உதவும். ஆனால் பதற்றத்தில் ஓங்கி மிதித்தால் சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொள்ளுமே, அதை சிபிஎஸ் தடுக்காது. ஏபிஎஸ் தடுக்கும்.

எனக்கே நடந்தது. கார் பருவ நெல் அறுவடை நேரம், பத்தமடை தாண்டி ரோட்டில் பாதிக்கு நெல் காயப் போட்டிருந்தார்கள், அதை ஒட்டி வைக்கோல் தூசி. குறுக்கே ஒரு ஆடு வந்தது. மிதித்தேன், பின் சக்கரம் பூட்டிக்கொண்டு நெல் மேல் வழுக்கி வண்டி பக்கவாட்டில் போயிற்று. வேகம் நாற்பதுக்குள்தான். முழங்கைத் தழும்பு இன்னும் இருக்கிறது. சக்கரம் சுற்றுகிற வரைக்கும்தான் ஹேண்டில்பார் நம் பேச்சைக் கேட்கும், அது நின்று வண்டி மட்டும் ஓடினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஏபிஎஸ் வைத்த வண்டியின் முன் டிஸ்க் பக்கத்தில் குத்தவைத்துப் பாருங்கள். உள்பக்கம் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டை வெட்டிய வளையம் ஒன்று, அதை ஒட்டி விரல் நுனி அளவுக்கு ஒரு சென்சார். சக்கரம் என்ன வேகத்தில் சுற்றுகிறது என்பதை அந்த ஓட்டைகளை வைத்துத்தான் அது எண்ணுகிறது. திடீரென்று சக்கரம் நிற்கப் போகிற மாதிரி தெரிந்தால் பிரேக்கைச் சற்றே விட்டு மறுபடி பிடிக்கும், ஒரு நொடிக்குள் பல தடவை. அப்போது லீவர் விரலில் குறுகுறுவென்று துடிக்கும். இதைப் பையனுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் ஏதோ கெட்டுவிட்டது என்று பயந்து லீவரை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. விடக் கூடாது, அழுத்தியே பிடிக்க வேண்டும். ஆளில்லாத மைதானத்தில் மெதுவான வேகத்தில் இரண்டு மூன்று தடவை பிடித்துப் பழகட்டும்.

1988-லேயே பிஎம்டபிள்யூ கே100 பைக்கில் ஏபிஎஸ் வந்துவிட்டது. நம் நாட்டில் 125 சிசிக்கு மேற்பட்ட புது மாடல்களுக்கு 2018 ஏப்ரலிலிருந்தும், ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரலிலிருந்தும் கட்டாயமாக்கினார்கள். 125 வரைக்கும் சிபிஎஸ் இருந்தாலே போதும் என்று விட்டதால்தான் உங்களுக்கு இந்தக் குழப்பம். நம் தெருவில் ஓடுவதில் முக்கால்வாசி சின்ன வண்டிதானே, அதில் போகிற உயிர் மட்டும் என்ன குறைந்ததா?

இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். சிங்கிள் சேனல் ஏபிஎஸ் என்றால் அது முன் சக்கரத்துக்கு மட்டும்தான், பின் சக்கரம் பூட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. இருந்தாலும் முன் சக்கரம் வழுக்கினால்தான் ஆள் சட்டென்று விழுவார், அதைக் காப்பாற்றுவதே பெரிய காரியம். அப்புறம், சாவி போட்டதும் மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு எரியும், வண்டி நகர்ந்ததும் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் பிரேக் பிடிக்கும், ஏபிஎஸ் வேலை செய்யாது. வயல் சேறு அந்த வளையத்தில் அப்பியிருந்தாலும் இப்படி ஆகலாம், கழுவும்போது அங்கேயும் தண்ணீர் விடச் சொல்லுங்கள்.

பகலிலும் ஹெட்லைட் எரிகிறது, பேட்டரி போய்விடும் என்று மெக்கானிக் தனி சுவிட்ச் வைக்கச் சொல்கிறார். வைக்கலாமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

வேண்டாம். 2017 ஏப்ரலிலிருந்து வரும் புது வண்டிகளில் வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். எஞ்சின் ஓடும்போதுதான் விளக்கு எரிகிறது, அப்போது பேட்டரிக்குச் சார்ஜும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். பாபநாசம் பக்கம் ரோட்டோர மர நிழலுக்குள் வருகிற பைக், வெயிலில் எதிரே வருகிற பஸ் டிரைவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. விளக்கு எரிந்தால் தெரியும், அவ்வளவுதான்.

காருக்கு இருக்கிற மாதிரி பைக்குக்கு ஏர்பேக் வராதா?
– கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

வந்திருக்கிறது தம்பி. 2006-லேயே ஹோண்டா கோல்ட்விங்கில் வைத்தார்கள். ஆனால் அது பெரிய, கனமான வண்டி. காரில் நம்மை பெல்ட் பிடித்து வைத்திருக்கிறது, பைக்கில் ஆள் எந்தப் பக்கம் பறப்பார் என்று சொல்ல முடியாது. அதனால் பையை ஆள் மேலேயே மாட்டிவிடுகிறார்கள். மோட்டோஜிபி பந்தயத்தில் 2018 முதல் ஏர்பேக் வைத்த உடை கட்டாயம். உங்களுக்கு இப்போதைக்கு ஐஎஸ்ஐ முத்திரை போட்ட ஹெல்மெட்டும், அதன் பட்டையை மாட்டுகிற பழக்கமும் வேண்டும்.

அண்ணாச்சி, பார்க்க நன்றாக இல்லை என்று வீட்டுக்காரர் புது பைக்கின் சேலை கார்டைக் கழற்றிவிட்டார். நான் சொன்னால் கேட்கவில்லை, நீங்கள் எழுதினால் கேட்பார்.
– வாசகி, ராதாபுரம்

தம்பி, இதைப் படிக்கிறீர்கள் என்று நினைத்து உங்களிடமே சொல்கிறேன். பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடியிருக்க வேண்டும், பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடியும் கால் வைக்க இடமும் வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 123. சட்டத்தை விடுங்கள். ராதாபுரம் காற்று உங்களுக்குத் தெரியாததா? காற்றாலை வைக்கிற அளவுக்கு அடிக்கிற ஊரில், ஒருபக்கமாக உட்கார்ந்திருக்கிறவரின் முந்தானை எவ்வளவு நேரம் மடியில் நிற்கும்? துணியின் ஒரு நுனி சக்கரத்துக்குள் போய்விட்டால் போதும், சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் அது இழுத்துச் சுருட்டிக்கொண்டே போகும், நீங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் ஆளைக் கீழே இழுத்துவிடும். கழுத்தைச் சுற்றிய துப்பட்டா என்றால் இன்னும் மோசம்.

கழற்றியதை வீட்டில்தான் எங்கேயாவது போட்டு வைத்திருப்பீர்கள். இன்று சாயங்காலமே எடுத்து மாட்டி, போல்ட்டை இறுக்கிவிடுங்கள். அதுவரை அவர்களைப் பின்னால் ஏற்றாதீர்கள்.