கார்த்திகைப் பொரி மொறுமொறுவென்று வர என்ன செய்ய வேண்டும்?

பாகு ஊற்றிய ஒரு மணி நேரத்திலேயே பொரி நமுத்துப்போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். குறை பொரியில் இல்லை, பாகின் பதத்தில்தான். பாகில் தண்ணீர் மிச்சம் இருந்தால் பொரி அதை உறிஞ்சித் துவண்டுவிடும். அதிரசத்துக்கு எடுக்கும் இளம்பாகு இதற்கு உதவாது.

8 கப் அவல் பொரிக்கு 1 கப் பொடித்த வெல்லம், கால் கப் தண்ணீர் போதும். வெல்லம் கரைந்ததும் வடிகட்டுங்கள்; அடியில் மண் தங்கும். மறுபடி கொதிக்கவிட்டால் முதலில் பெரிய குமிழிகள் வரும். பிறகு அவை சிறுத்து, நெருக்கமாக நுரைக்கும். அப்போது கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். கரைந்தாலோ, பிசுபிசுவென்று விரலில் ஒட்டினாலோ காத்திருங்கள். உருட்டி எடுத்துத் தட்டில் போட்டால் ‘டங்’கென்று கல் விழுந்த ஓசை வரவேண்டும். அதுதான் பதம். இந்த ஓசைக்கு முன்னால் அடுப்பை அணைக்கவே அணைக்காதீர்கள்.

ஏலக்காய், சுக்குப்பொடி, நெய்யில் சிவக்க வறுத்த தேங்காய்ப் பல், பொட்டுக்கடலை எல்லாம் முன்பே தயாராக இருக்கட்டும், பாகு காத்திருக்காது. தேங்காயின் ஈரம் போக வறுப்பது முக்கியம். பொரியையும் வெறும் வாணலியில் இரண்டு நிமிடம் சூடாக்கிக்கொண்டால் பாகு சீராகப் பரவும்.

பொரியில் இவற்றைச் சேர்த்து, பாகை ஊற்றிக் கிளறுங்கள். உருண்டை வேண்டுமானால் கையில் அரிசி மாவு தொட்டுக்கொண்டு சூட்டோடு பிடியுங்கள். உதிரியாக வேண்டுமானால் ஆறும்வரை கிளறுங்கள். முழுவதும் ஆறிய பிறகே டப்பாவில் போட்டு மூடுங்கள்.