அப்பாவுக்கு உப்பும் குறைய வேண்டும், வயிறும் நிறைய வேண்டும்

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. இருதயம் பலவீனமாம். சோடியம் ஒரு நாளைக்கு 2 கிராமுக்கு மேல் போகக்கூடாது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். உப்பை நிறுத்தியதிலிருந்து “சப்பென்று இருக்கு” என்று இரண்டு வாயோடு எழும்பிவிடுகிறார். மெலிந்துகொண்டே போகிறார். என்ன கொடுப்பது?
– ஒரு மகள், களுவாஞ்சிக்குடி

பதில்: அன்பு மகளுக்கு, அப்பா மெலிவதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். இருதய நோயாளிக்குத் தசை கரைவது நல்லதல்ல. கால் வீங்கியிருந்தால் அந்த நீரின் பாரம் உண்மையான மெலிவை மறைத்தும்விடும்.

2 கிராம் சோடியம் என்பது 5 கிராம் உப்பு, மட்டமாக ஒரு தேக்கரண்டி. மீன், பால், பாண் எல்லாவற்றிலும் ஏற்கெனவே சோடியம் இருப்பதால், காலையில் அரைத் தேக்கரண்டி உப்பை ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். அப்பாவின் அன்றைய பங்கு அதுதான். வைத்தியர் உப்பே சேர்க்கவேண்டாம் என்று சொல்லியிருந்தால் மட்டும் அதுவும் வேண்டாம். சோறு, புட்டு, இடியப்பத்துக்கு உப்பு போடாதீர்கள். கறியில் அவருடைய பங்கை முதலே எடுத்துவிட்டு மற்றவர்களுக்கு உப்பு போடுங்கள். கிண்ணத்து உப்பைச் சாப்பிடும் நேரத்தில் கறியின் மேலே தூவினால், கொஞ்சமே நாக்கில் நன்றாகத் தெரியும்.

நம் பக்கத்தில் கருவாட்டை விடுவது கஷ்டம், தெரியும். ஊறவைத்துக் கழுவினாலும் உப்பு முழுதாகப் போகாது. வாவி மீன் தாராளமாகக் கிடைக்கிற ஊரில் இருக்கிறீர்கள். உப்புத் தேய்க்காமல் கழுவி, மிளகு, மஞ்சள், உள்ளி, தேசிக்காய்ப்புளி பூசிப் பொரித்துக் கொடுங்கள். அப்பளம், ஊறுகாய், சோயா சோஸ், சூப் கட்டி, பக்கெட் நூடுல்ஸ் வேண்டாம். சில கிழமைகளில் நாக்கு பழகிவிடும்.

அப்புறம் கலோரி. இருதயம் பலவீனமானவர்களுக்குச் சீக்கிரம் வயிறு நிறைந்ததுபோல் இருக்கும். அதனால் மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாறாகப் பிரியுங்கள். கஞ்சியும் சூப்பும் வயிற்றை அடைத்துவிடும், சத்தோ குறைவு. காலையில் தேங்காய்ப்பூ போட்ட புட்டும் வாழைப்பழமும் கொடுங்கள், அதற்கு உப்பு தேவையே இல்லை. பத்து மணிக்கு உப்பில்லாமல் வறுத்த கச்சான் ஒரு கை: 30 கிராமில் ஏறத்தாழ 170 கலோரி. உப்புத் தண்ணீரில் அவித்து விற்கிற கச்சான் சரிவராது. மத்தியானக் கறியில் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் கூடுதலாக விட்டால் 120 கலோரி ஏறும். பின்னேரம் எருமைத் தயிர். சீனி வருத்தம் இல்லையென்றால் பாணியும் சேர்க்கலாம். தேங்காய்ப்பால் மட்டும் அளவோடு இருக்கட்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கடையில் ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதை வைத்தியரைக் கேட்காமல் வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கும். லோசார்ட்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற குளிசை எடுப்பவர்களுக்கும் சிறுநீரகப் பழுது உள்ளவர்களுக்கும் அது இரத்தத்தில் ஏறி இருதயத் துடிப்பையே குழப்பும்.

தினமும் காலையில் சலம் கழித்த பிறகு, சாப்பிடுமுன் நிறை பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள். 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் கூடினால் அது சதையல்ல, நீர். கிளினிக் நாள் வரும்வரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். கிழமைக்குக் கிழமை குறைந்துகொண்டே வந்தால் அந்தக் கொப்பியைக் காட்டி, போசணை ஆலோசனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.