ஐபி, கேம்பிரிட்ஜ் அனுபவம் இல்லாமல் சர்வதேசப் பள்ளிக்கு முதல்வராகப் போக முடியுமா?

தேசியப் பாடத்திட்டப் பள்ளியில் பல வருடம் துணை முதல்வராக இருந்துவிட்டேன், ஐபி (இன்டர்நேஷனல் பக்கலோரியட்), கேம்பிரிட்ஜ் என்ற சர்வதேசப் பாடத்திட்டங்கள் எதையும் நடத்தியதில்லை, இனி சர்வதேசப் பள்ளியில் தலைமைப் பொறுப்பு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும். ஆனால் எடுத்த எடுப்பில் முதல்வர் பதவி வேண்டாம். துணை முதல்வராகவோ ஒரு பிரிவின் தலைவராகவோ உள்ளே போங்கள். நானும் அப்படி வந்தவன்தான். இப்போது ஆளெடுக்கும் நேர்காணல்களில் உட்காருகிறேன்.

ஐபி பள்ளிகளில் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஓர் ஒருங்கிணைப்பாளர் இருப்பார். பள்ளியின் கடைசி இரண்டு வருடத்துக்கான டிப்ளமோ திட்டத்தின் ஆறு பாடப் பிரிவுகள், 4,000 சொல் ஆய்வுக் கட்டுரை, மொத்தம் 45 புள்ளி என்ற கணக்கெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவற்றை நீங்களும் ஒரு வாரத்தில் படித்துவிடலாம். நேர்காணலில் நாங்கள் துருவிக் கேட்பது மதிப்பீட்டைப் பற்றித்தான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். உயிரியல் மாணவி ஒருத்தியின் ஆய்வறிக்கை, பள்ளி ஆசிரியர்களே மதிப்பெண் போடுவது. ஒரே அளவுகோலில் ஓர் ஆசிரியர் 6க்கு 5 போடுகிறார், இன்னொருவர் 3. இருவரும் விதிமுறையைக் கையில் வைத்துக்கொண்டு, தரவை அவள் அலசியிருக்கிறாளா, அட்டவணையாக அடுக்கி மட்டும் வைத்திருக்கிறாளா என்று வரி வரியாக வாதாடுகிறார்கள். இப்படி மதிப்பெண் போட்ட அறிக்கைகளில் சில மாதிரிக்காக வெளியே ஐபியின் சரிபார்ப்புக்குப் போகும். தாராளமாகப் போட்டிருந்தால் அந்தப் பாடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மதிப்பெண் இறங்கலாம். பொதுத்தேர்வு விடைத்தாளை யாரோ எங்கோ திருத்தும் முறையிலிருந்து வருபவருக்கு, ஆசிரியரின் தீர்ப்புக்கு இருக்கும் இந்த எடை புதிது. அந்த அறையில் தலைவர் வாயை மூடிக்கொண்டு கவனிக்க வேண்டும், ஆனால் ஆசிரியர்களை ஒரு முடிவுக்கு வராமல் எழுந்துபோக விடக் கூடாது. அதற்கு டிப்ளமோ பாடம் நடத்தியிருக்க வேண்டியதில்லை.

சரி, தயாராவது எப்படி? ஐபி பயிலரங்குகளில் முதல் வகை, புதிதாக வருபவர்களுக்கானது. ஒன்றில் சேருங்கள். அதைவிட, கேம்பிரிட்ஜ் இணையதளத்தில் உங்கள் பாடத்தின் ஐஜிசிஎஸ்இ (பத்தாம் வகுப்பை ஒட்டிய கேம்பிரிட்ஜ் தேர்வு) வினாத்தாளையும் தேர்வாளர் அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எந்த விடைக்கு ஏன் மதிப்பெண் போனது என்று அந்த அறிக்கை சொல்லும் விதம் வேறெங்கும் கிடைக்காது.

விண்ணப்பத்தில் அனுபவம் இல்லை என்பதைச் சுற்றி வளைக்காமல் ஒரே வரியில் எழுதிவிடுங்கள். மீதி இடத்தைக் குழந்தைப் பாதுகாப்பு, கால அட்டவணை, ஆசிரியர் தேர்வு, ஆய்வாளர் வருகைக்குப் பள்ளியைத் தயார்செய்தது ஆகியவற்றுக்குக் கொடுங்கள். ஐபி பள்ளிகளுக்கும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மதிப்பாய்வு உண்டு. அந்த வேலை உங்களுக்குப் பழகியதுதான்.

அப்புறம், முதன்முறையாக ஐபி அங்கீகாரம் தேடும் பள்ளி என்றால் தயவுசெய்து வேண்டாம். அங்கே கற்றுக்கொடுக்க ஆளிருக்காது, பெற்றோர் உங்களிடம்தான் விளக்கம் கேட்பார்கள். எந்தப் பள்ளியானாலும், ஒருங்கிணைப்பாளர் எத்தனை வருடமாக இருக்கிறார், அடுத்த வருடமும் இருப்பாரா என்று நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள். அவர் கிளம்புகிறார் என்றால் அந்த வேலையை ஏற்காதீர்கள்.